பிணம் ஒன்று, பங்காளிகள் பலர்

கொலைக்கு இடம் முக்கியம். சமவெளியில் ஒருவர் செத்துக் கிடந்தால் அது பேப்பரில் மூன்றாம் பக்கச் செய்தி. போலீஸ், பஞ்சநாமா, போஸ்ட்மார்ட்டம், அதோடு சரி. அதுவே ஆறாயிரம் அடி உயரத்தில், தேவதாரு மரங்களுக்கு நடுவே, மூடுபனி ஜன்னல்வரை வந்து எட்டிப் பார்க்கும் ஓட்டல் அறையில் நடந்துவிட்டால் மர்ம நாவலாகிவிடுகிறது. அங்கே பிணங்கள்கூட நாகரிகமானவை. ரத்தம் சிந்திக் கம்பளத்தைக் கெடுக்காது. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட அறையில், மெத்தைமேல், விஷத்தால்தான் சாகும். மற்ற விருந்தாளிகள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு, டீ ஆறுவதற்குள் குடித்துவிடுவார்கள். கடைசி அத்தியாயத்தில் மீசைக்காரர் ஒருவர் வந்து எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்து, கொலையாளியைக் கைகாட்டிவிட்டு ரயிலேறிப் போய்விடுவார்.

1911-இல் முசௌரியின் சவாய் ஓட்டலில் இந்த இலக்கணம் கிட்டத்தட்ட முழுசாகப் பொருந்திவந்தது. வசதியான சீமாட்டி வந்தார், கூடவே தோழி வந்தார், விஷம் வந்தது, உயில் வந்தது, ஆவிகள்கூட அழைப்பின்பேரில் வந்துபோயின. மீசைக்காரர் மட்டும் வரவில்லை. அவர் வராத குறை தெரியாதபடி, செத்துப்போன அம்மாளின் கதையில் பங்கு கேட்டு நூறு வருஷத்துக்கு மேலாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கொலையைவிடச் சுவாரசியமானது அந்தப் பாகப்பிரிவினைதான்.

ஒழுக்கம் மலையேறிய ஊர்

நம்மூர்க்காரர்களுக்கு முசௌரி என்றால் ஐ.ஏ.எஸ். பாஸ் பண்ணியவர்கள் போய்க் குதிரையேற்றம் பழகும் இடம். அந்த அகாடமி 1959-இல் குடியேறியது சார்லவில் என்ற பழைய ஓட்டலில். எதிர்காலக் கலெக்டர்கள் நிர்வாகம் படிக்கும் இடத்தில் ஒருகாலத்தில் துரைமார்கள் விடிய விடிய நடனம் ஆடினார்கள். ஊரின் சரித்திரத்தில் இது விதிவிலக்கு இல்லை. ஊரே அப்படித்தான்.

தொடக்கம் 1820-களில். பிரடெரிக் யங் என்ற ஐரிஷ்காரர், கும்பினிப் படையில் கேப்டன், டேராடூனுக்கு மேலே இருந்த மலையில் வேட்டையாடப் போனார். காற்று பிடித்துப்போய் ஒரு குடில் போட்டார். அவர் பின்னால் மற்றவர்களும் போட்டார்கள். 1827-இல் பக்கத்து லாண்டூரில் நோய்வாய்ப்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் உடம்பு தேறுவதற்கு ராணுவ விடுதி வந்தது. 1830-இல் பீர் காய்ச்சும் ஆலை வந்தது. நோயாளி வந்த மூன்றே வருஷத்தில் மருந்தும் வந்துவிட்டது என்று பாருங்கள். கிறிஸ்து ஆலயம் 1836-இல்தான் எழுந்தது. எதற்கு அவசரம், எதற்கு நிதானம் என்பதில் ஊரை நிறுவியவர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை.

சிம்லாவில் வைஸ்ராய் இருந்தார். கோடையில் அரசாங்கமே கோப்புகளைச் சுமந்துகொண்டு அங்கே ஏறிவிடும். அதனால் சிம்லாவில் காதலிப்பதற்குக்கூட மேலதிகாரியின் முகம் பார்க்க வேண்டும். முசௌரியில் வைஸ்ராய் கிடையாது. சமவெளியில் வேர்த்துக் கொட்டும் கணவர்கள் மனைவிமார்களை மலைக்கு அனுப்பிவைத்தார்கள். லீவு கிடைத்த இளம் அதிகாரிகளும் மலைக்கு வந்தார்கள். அவர்களை யாரும் அனுப்பிவைக்கவில்லை, அவர்களாகவே வந்தார்கள். மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொண்டது.

1884-இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை முசௌரியின் ஒழுக்கம் குறித்துத் தலையில் அடித்துக்கொண்டது. கோயிலில் பிரசங்கம் கேட்டுவிட்டு வெளியே வந்த கனவான்களும் சீமாட்டிகளும் நேராக மதுக்கடைக்குப் போனார்களாம். தர்மத்துக்காக நடந்த பொருட்காட்சி ஒன்றில் ஒரு சீமாட்டி நாற்காலிமேல் ஏறி நின்று, முத்தம் ஒன்று ஐந்து ரூபாய் என்று கூவி விற்றாராம். அந்தக் காலத்தில் வீட்டு வேலைக்காரர் ஒருவரின் மாதச் சம்பளமே ஏறக்குறைய அவ்வளவுதான். நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவதில் முசௌரி கஞ்சத்தனம் காட்டியதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் 1902-இல் சவாய் ஓட்டல் திறந்தது. கட்டியவர் லக்னோவில் வக்கீலாக இருந்த லிங்கன் என்ற ஐரிஷ்காரர். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தை இடித்து ஓட்டல் கட்டியதைப் பெற்றோர்கள் எதிர்த்ததாகத் தெரியவில்லை. 1900-இல் டேராடூன்வரை ரயில் வந்துவிட்டது, மலைக்கு மேலே மோட்டார் ரோடு வரவில்லை. அதனால் பியானோ, பில்லியர்ட்ஸ் மேஜை, ஷாம்பெயின் பெட்டிகள் எல்லாம் மாட்டுவண்டியில் ஏறி வந்தன. கீழே ஆறேழு பேர் தள்ளிக்கொண்டும் மேலே ஒருவர் கத்திக்கொண்டும் பியானோ மலையேறும் காட்சியைக் கற்பனை செய்துபாருங்கள். சாம்ராஜ்யம் என்பது அதுதான்.

சவாயைப் பற்றி ஊர் உலகம் அறிந்த சமாச்சாரம் ஒன்று உண்டு. லோவல் தாமஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1920-களில் இந்தியாவைச் சுற்றிவிட்டு எழுதினார்: முசௌரியில் ஓர் ஓட்டலில் விடியலுக்குச் சற்று முன்னால் மணி அடிக்கிறார்கள். பக்திமான்கள் எழுந்து ஜெபம் செய்யலாம், மற்றவர்கள் எழுந்து அவரவர் படுக்கைக்குத் திரும்பலாம். அந்த ஓட்டல் சவாய்தான் என்று ஊர் பெருமையோடு ஒப்புக்கொள்கிறது. யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு மணி அடித்துத்தான் பதில் காணவேண்டிய கட்டடத்தில், உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறை ஒன்றில் ஒரு சாவு விழுந்தது.

மிஸ் ஆர்மும் சிநேகிதியும்

செத்துப்போனவர் மிஸ் பிரான்சிஸ் கார்னெட்-ஆர்ம். வயது 49. திருமணம் ஆகவில்லை. ஆகவேண்டியதுதான். ஐக்கிய மாகாணப் போலீஸில் இருந்த அதிகாரி ஒருவரோடு நிச்சயமாகியிருந்தது. குறித்த தேதிக்கு முன்பே மாப்பிள்ளை காலமாகிவிட்டார். ஊருக்குத் திரும்பி வேறு வரன் பார்க்கலாம் என்று உறவினர்கள் கடிதம் எழுதும் வயதும் தாண்டிப்போயிற்று. கையில் பணம் இருந்தது. பேசவேண்டிய ஆள் மேலுலகில் இருந்தார். மிஸ் ஆர்ம் ஆவியுலகப் பக்கம் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் ஆவியோடு பேசுவது பைத்தியக்காரத்தனமல்ல, படித்தவர்களின் பொழுதுபோக்கு. லண்டனில் 1882-இலேயே இதற்கென்று ஆராய்ச்சிச் சங்கம் வைத்துவிட்டார்கள். பேராசிரியர்களும் பிரபுக்களும் இருட்டறையில் கைகோத்து உட்கார்ந்து, மேஜை அசைகிறதா என்று பார்த்தார்கள். நம்மூரில் வெற்றிலையில் மை தடவிப் பார்த்தால் மூடநம்பிக்கை. அதையே வெள்ளைக்காரர் பளிங்கு உருண்டையில் பார்த்தால் ஆராய்ச்சி.

மிஸ் ஆர்முக்கு இதில் துணை, லக்னோவிலிருந்து வந்த மிஸ் ஈவா மவுண்ட்ஸ்டீஃபன். சிநேகிதி, உதவியாள், பளிங்கு உருண்டை பார்ப்பவர் எல்லாம் அவரே. மேஜை தட்டுவதும் உருண்டை பார்ப்பதும் இருவருக்கும் சேர்ந்த பழக்கம். கடைசியில் இருவரும் முசௌரிக்கு வந்து சவாயில் தங்கினார்கள். சில நாட்களில் ஈவா மட்டும் கிளம்பி லக்னோ போய்விட்டார். மிஸ் ஆர்ம் தனியே இருந்தார்.

பிறகு ஒருநாள் கதவு தட்டப்பட்டது, திறக்கவில்லை.

உடைத்துக்கொண்டு போனபோது மிஸ் ஆர்ம் படுக்கையில் இறந்துகிடந்தார். பிரேதப் பரிசோதனையில் பிரஸ்ஸிக் அமிலம் என்று தெரிந்தது. சயனைடு குடும்பத்து விஷம். கசப்பு வாதுமை வாசம் அடிக்கும் என்பார்கள். வேலையை நிமிஷக் கணக்கில் முடித்துவிடும். சாகிறவருக்கு யார் பெயரையும் எழுதிவைக்க அவகாசம் தராது.

முசௌரிப் போலீஸுக்கு இது புதிது. அவர்கள் பார்த்துப் பழகியது திருட்டு, குடித்துவிட்டுக் குதிரையிலிருந்து விழுந்த கேப்டன், அடுத்தவர் மனைவியோடு காணாமல்போன இன்னொரு கேப்டன். பூட்டிய அறை, விஷம், ஆவி மூன்றும் ஒரே எஃப்.ஐ.ஆரில் வந்ததில்லை. எந்த ரெக்கார்டிலும் இல்லாத, ஆனால் நடக்காமல் இருந்திருக்க முடியாத உரையாடல் ஒன்றை இங்கே போட்டுக்கொள்கிறேன்.

"அறைக்கு யார் யார் வந்தார்கள்?"

"யாரும் வரவில்லை, ஹுசூர்."

"யாரும் என்றால்?"

"உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் வரவில்லை, ஹுசூர். மற்றவர்களை மேம்சாகிப் மேஜையைத் தட்டித்தான் கூப்பிடுவார்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிக்கொண்டு ரைட்டரைப் பார்த்திருப்பார். "இந்தக் கடைசி வரியை எழுதாதே."

எழுதியிருந்தாலும் தப்பில்லை. வழக்கின் முழுச் சாரமும் அதில்தான் இருந்தது.

கோர்ட்டில் ஆவிகள்

சந்தேகம் ஈவாமீது விழுந்தது. காரணம் உயில். மிஸ் ஆர்ம் தன் சொத்தில் பெரும்பங்கை ஈவாவுக்கு எழுதிவைத்திருந்தார். துப்பறியும் கதை படிக்கிற எட்டாம் வகுப்புப் பையன்கூட இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு "அவள்தான்" என்பான். போலீஸும் எட்டாம் வகுப்புவரை யோசித்தது. ஒன்பதாம் வகுப்பில் சிக்கல் வந்தது.

பிரஸ்ஸிக் அமிலம் சில நிமிஷத்தில் கொல்லும். ஈவாவோ லக்னோவில் இருந்தார். நடுவே மலை, பாதை, ரயில், ஒரு முழுப் பயணம். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அப்படியானால் கொலையாளி எப்படி வந்தார், எப்படிப் போனார்? மருந்துப் புட்டியில் முன்கூட்டியே விஷத்தைக் கலந்துவைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்றது அரசுத் தரப்பு. உடம்பு சரியில்லாமல், மனசும் உடைந்து கிடந்த பெண் தானே முடித்துக்கொண்டிருக்கலாமே என்றது எதிர்த்தரப்பு. ஒரு பக்கம் சாட்சியில்லாத புட்டி, இன்னொரு பக்கம் செத்துப்போன காதலன். இரண்டையும் கூண்டில் ஏற்றி விசாரிக்க முடியாது.

1912-இல் வழக்கு அலகாபாத் ஐகோர்ட்டில் நடந்தது. முசௌரியில் வாய்க்கு வாய் பேசப்பட்ட வம்பு முதன்முறையாகச் சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொண்டு பேசவேண்டியதாயிற்று. அப்படிப் பேசியதும் வம்பு பாதியாக வற்றிவிட்டது. ஈவா விடுதலை ஆனார். மிஸ் ஆர்ம் இறந்தவிதத்தின் உண்மை ஒருநாளும் தெரியாமலே போகலாம் என்ற பொருளில் தலைமை நீதிபதி சொன்னார். சட்ட வரலாற்றில் இவ்வளவு நேர்மையாகக் கையை விரித்தவர்கள் குறைவு. அவரை அறியாமலே அந்த ஒரு வாக்கியத்தால் ஊருக்கு ஒரு நூற்றாண்டு வருமானத்துக்கு வழி செய்துவிட்டார்.

விடுதலையான ஈவா உயிலைக் கையில் எடுத்துக்கொண்டு சொத்துக்குப் போனார். அங்கே மிஸ் ஆர்மின் சகோதரர் நின்றுகொண்டிருந்தார். சகோதரிக்கு ஆவியுலகப் பைத்தியம் பிடிக்கவைத்து, பளிங்கு உருண்டையைக் காட்டி மயக்கி, மோசடியாக எழுதிவாங்கிய உயில் இது என்றார். உயிலை மெய்ப்பித்துத் தரும்படி ஈவா போட்ட மனு தோற்றது. கொலைக்குற்றம் இல்லை, ஆனால் காசும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆவிகள் உண்டா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்ல முன்வராது. ஆனால் ஆவி சொன்னபடி எழுதிய உயில் செல்லாது என்று வாதாட முடிந்திருக்கிறது. அதாவது ஆவிக்கு இருப்பு இருக்கிறதோ இல்லையோ, சொத்து விவகாரத்தில் தலையிட அதற்கு உரிமை இல்லை. அந்த உரிமை உறவினர்களுக்கு மட்டும்தான். மேலுலகத்துக்குப் போய்ச்சேர்ந்த பிறகும் சகோதரர்களிடமிருந்து தப்பிக்க முடியாது என்பதை நம் நாட்டுக் கோர்ட்டுகள் இன்றும் தினமும் உறுதிசெய்கின்றன.

இரண்டு எழுத்தாளர்கள், ஒரு தபால்

சொத்து போய்ச்சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச்சேர்ந்தது. கதையின் பங்காளிகள் இனிமேல்தான் வருகிறார்கள்.

முதலில் வந்தவர் ருட்யார்ட் கிப்ளிங். அவர் அப்போது இங்கிலாந்தில் சஸெக்ஸ் பக்கம் ஒரு பழைய மாளிகையில் வசித்துவந்தார். ஆனால் இளமையில் அலகாபாத் பயனீர் பத்திரிகையில் வேலை பார்த்தவர். மலைவாசத் துரைமார்களின் வம்புதும்புகளை எழுதியே பெயர் வாங்கியவர். முசௌரிச் சாவு அவர் காதுக்குப் போனது. இப்படியொரு விஷயம் கிடைத்தால் எழுத்தாளன் என்ன செய்வான்? பத்திரமாகப் பெட்டியில் பூட்டிவைத்துத் தானே எழுதுவான். கிப்ளிங் அதைச் செய்யவில்லை. ஷெர்லக் ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கோனன் டாயிலுக்குக் கடிதம் எழுதினார். முசௌரியில் வெறும் மனோவசியத்தாலேயே ஒரு கொலை நடந்திருக்கிறது, நடக்கவே முடியாதது எல்லாம் அதில் நடந்திருக்கிறது, உங்களுக்கு ஆகும் சரக்கு என்ற ரீதியில் போனது கடிதம்.

கிப்ளிங் ஏன் தானே எழுதவில்லை என்பதற்கு எனக்கு ஓர் ஊகம் உண்டு. அவர் தங்கை டிரிக்ஸ், கல்யாணமாகி இந்தியாவில் இருந்தபோது, ஆவி ஏறித் தானாகவே கை எழுதும் பழக்கத்தில் விழுந்தவர். லண்டன் ஆராய்ச்சிச் சங்கத்துக்கு 'மிஸஸ் ஹாலண்ட்' என்ற புனைபெயரில் பக்கம் பக்கமாக அனுப்பிக்கொண்டிருந்தார். கிப்ளிங்குக்கு இந்தச் சமாச்சாரம் அறவே பிடிக்காது. வீட்டுக்குள்ளேயே ஒரு மீடியம் இருக்கும்போது ஓட்டலில் இறந்த மீடியத்தைப் பற்றிக் கதை எழுதினால் அடுத்த கிறிஸ்துமஸ் விருந்து எப்படி இருக்கும்? தபால்தலை ஒட்டித் தள்ளிவிடுவதே உத்தமம்.

டாயிலும் எழுதவில்லை. 1912-இல் அவருக்குக் கை நிறைய வேலை. 'லாஸ்ட் வேர்ல்டு' நாவல் அந்த வருஷம்தான் வந்தது. கிளாஸ்கோவில் கிழவி ஒருத்தியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டிருந்த ஆஸ்கர் ஸ்லேட்டர் நிரபராதி என்று அவர் ஒரு சிறுநூலும் போட்டார். நிஜ வழக்கே கையில் இருக்கும்போது முசௌரி எதற்கு?

ஒருவேளை எடுத்திருந்தாலும் அபாயம்தான். சில வருஷம் கழித்து, 1916-இல், டாயில் ஆவியுலகக் கொள்கையைப் பகிரங்கமாகவே ஏற்றுக்கொண்டார். அதன்பின் கடைசிவரை ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். கதையை அவர் கையில் கொடுத்திருந்தால் ஹோம்ஸ் புட்டியை மோப்பம் பிடித்திருக்க மாட்டார், சாம்பலை அளந்திருக்க மாட்டார். ஜன்னலை மூடி விளக்கை அணைத்து மிஸ் ஆர்மையே கூப்பிட்டு "யாரம்மா கொன்றது?" என்று கேட்டிருப்பார். இரண்டாம் பக்கத்தில் கதை முடிந்திருக்கும்.

மருந்தகத்தில் ஒரு பெண்

1914-இல் உலகப்போர் வெடித்தது. முசௌரியை எல்லாரும் மறந்தார்கள். இங்கிலாந்தின் தென்கடற்கரையில் டார்க்கீ என்ற ஊரில், கணவன் போருக்குப் போய்விட்ட ஓர் இளம்பெண் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அங்கேயே மருந்தகத்தில் கம்பவுண்டர் வேலை பார்த்தாள். சுற்றிலும் விஷப்புட்டிகள். அக்காவோடு பந்தயம் வேறு: உன்னால் ஒரு துப்பறியும் கதை எழுத முடியாது. 1916-இல் எழுதத் தொடங்கினாள். நடுவில் தடைப்பட்டதும் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஓர் ஓட்டலில் அறை எடுத்துத் தங்கி முடித்தாள். பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒருவர் எடுத்துக்கொண்டார். 1920-இல் புத்தகம் வந்தது. அவள் கைக்கு வந்த தொகை 25 பவுண்டு. அவள் ஆகதா கிறிஸ்டி, புத்தகம் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'. நாம் முதலில் எதிர்பார்த்த மீசைக்காரர் எர்க்யூல் பொய்ரோ இதில்தான் பிறந்தார். ஒன்பது வருஷம் தாமதம், ஊரும் தப்பு, ஆனாலும் வந்துசேர்ந்தார்.

நாவலைத் திறந்தால் பணக்கார மூதாட்டி. தோழியாக உடனிருக்கும் பெண், சண்டை போட்டுக்கொண்டு சாவுக்கு முன்பே வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். படுக்கையறைக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருக்கிறது. விஷத்தால் சாவு. உயில் தகராறு. அந்தத் தோழியைக் கூப்பிடும் பெயர் ஈவீ! முசௌரிக்காரர்கள் இந்த இடத்தில் மேஜையைத் தட்டி எழுந்துவிடுகிறார்கள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும், எங்கள் சாவைத் திருடித்தான் அந்த அம்மா உலகப் புகழ் பெற்றார்!

பொறுங்கள். ஸ்டைல்ஸ் நாவலில் வருவது பிரஸ்ஸிக் அமிலமல்ல, ஸ்டிரிக்னின். தூக்கமருந்தான புரோமைடைக் கலந்தால் ஸ்டிரிக்னின் டானிக்கின் அடியில் படிகமாகப் படிந்துவிடும். தினம் குடிக்கிற டானிக்தான், கடைசி டோஸ் ஆளைக் கொல்லும். கொலையாளி அப்போது பக்கத்தில் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. இது முசௌரியிலிருந்து வந்த யோசனை அல்ல, கம்பவுண்டர் படிக்கும் பாடத்தில் இருப்பது. சுற்றிலும் விஷங்கள் இருந்ததால் விஷக்கொலை தோன்றியது என்றுதான் கிறிஸ்டியும் தன் சுயசரிதையில் சொல்கிறார். முசௌரி வழக்கு அந்நாளில் பத்திரிகைகளில் வந்தது உண்மை. அதை அவர் படித்திருக்கலாம். படித்தார் என்று காட்ட ஒரு காகிதமும் இல்லை.

ஆனாலும் ஒன்று கவனியுங்கள். ஆள் இல்லாமலே கொல்வது எப்படி என்ற கேள்வியில்தான் அலகாபாத் கோர்ட் மாட்டிக்கொண்டது. அதே கேள்விக்கு ஒரு மருந்தகக் கம்பவுண்டர் பதில் எழுதிவிட்டார். படித்து எழுதினாரோ படிக்காமல் எழுதினாரோ, கோர்ட் செய்யாததைச் செய்தார்.

செத்தபின் பதவி உயர்வு

ஓட்டலின் பங்கு இன்னும் பாக்கி. இறந்தவர் மிஸ் ஆர்ம். கதை வளர வளர அவர் லேடி ஆர்ம் ஆகிவிட்டார். இன்று கைடுகள் சொல்லும் கதைகளில் அவர் சீமாட்டிதான். உயிரோடு இருந்தபோது திருமணமும் வாய்க்கவில்லை, பட்டமும் வாய்க்கவில்லை. இறந்தபின் பட்டம் மட்டும் வந்துசேர்ந்தது. சாதாரண மிஸ் ஒருத்தியின் ஆவிக்கு அறை வாடகை ஏறாது, லேடியின் ஆவி என்றால்தான் ஏறும்.

தன்னைக் கொன்றவரைத் தேடி அவர் நடைவராந்தாக்களில் உலவுகிறார் என்பது தலபுராணம். ஒரு பிணம் போதாது என்று, அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரும் சில காலம் கழித்து விஷத்தால் இறந்தார் என்று சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. இரவில் பியானோ கேட்டது, கதவு தானே திறந்தது என்பார்கள். பழைய மரக்கட்டடத்தில், இமயமலைக் காற்றில், கதவு தானே திறக்காவிட்டால்தான் அதிசயம்.

அரசாங்கமும் இதே ஓட்டலில் துப்பறிந்தது, 1920-இல். உடம்பு சரியில்லாத தாயையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு இளம் ஜவாஹர்லால் நேரு சவாயில் தங்கியிருந்தார். அதே ஓட்டலில் ஆப்கன் தூதுக்குழு பிரிட்டிஷாரோடு பேச்சுவார்த்தைக்காக இறங்கியிருந்தது. நேரு அவர்களோடு ஒருவார்த்தைகூடப் பேசவில்லை. பேசமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கச் சொன்னது போலீஸ். பேசும் எண்ணமே இல்லாவிட்டாலும் எழுதிக்கொடுக்க முடியாது என்றார் நேரு. 24 மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். நடந்த சாவுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியாத போலீஸ், நடக்காத பேச்சைக் கண்டுபிடித்து நேருவை ஊரைவிட்டே அனுப்பியது. அலகாபாத்துக்கு வேலையில்லாமல் திரும்பிய நேரு, அங்கே முறையிட வந்திருந்த விவசாயிகளைச் சந்தித்து அவர்கள் பின்னால் கிராமம் கிராமமாகப் போனார். அரசாங்கம் செய்த துப்பறிவால் ஆட்சிக்கே ஆபத்து வந்த கதை அது. மிஸ் ஆர்ம் வழக்கில் ஒன்றும் கண்டுபிடிக்காமல் விட்டது எவ்வளவோ மேல்.

ஆதாயம் யாருக்கு?

இப்போது பாகப்பிரிவினைக் கணக்கை முடித்துவிடலாம். மிஸ் ஆர்ம் யாருக்கு எழுதிவைத்தாரோ அந்த ஈவாவுக்கு ஒன்றுமில்லை. எழுதாதவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்திருக்கிறார். சகோதரருக்குச் சொத்து. வக்கீல்களுக்கு இரண்டு வழக்கு. கிப்ளிங்குக்கு ஒரு நல்ல கடிதம். டாயிலுக்கு எழுதாமல்விட்ட பெருமை. கிறிஸ்டிக்கு, அவர் கேட்காமலே, ஒரு மூதாதை. ஓட்டலுக்குச் சம்பளம் வாங்காத நிரந்தர ஊழியர். ஊருக்குச் சீசன் இல்லாத நாளிலும் விற்கும் சரக்கு. கதவைத் தட்டிப் பார்த்த வேலைக்காரர்களின் பெயர் எந்தக் கதையிலும் வரவில்லை. முதலில் வந்தவர்களுக்குப் பந்தியில் இடமில்லாமல் போவது உலக வழக்கம்.

இவர்களில் ஒருவருக்காவது வழக்குத் துலங்கவேண்டும் என்ற அக்கறை இருந்திருக்குமா? துலங்கியிருந்தால் ஒரு பெயர், ஒரு தண்டனை, பேப்பரில் நாலு வரி, அதோடு முடிந்திருக்கும். கிப்ளிங் தபால்தலை வாங்கியிருக்க மாட்டார். லேடி ஆர்ம் நிம்மதியாகத் தூங்கப்போயிருப்பார், ஓட்டலுக்கு ஆள் குறைந்திருக்கும்.

எந்தத் துப்பறிவாளரும் முதலில் கேட்கும் கேள்வி, சாவால் ஆதாயம் யாருக்கு என்பதுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் சந்தேகப் பட்டியல் மேலே சொன்னவர்களோடு நிற்காது. இந்தக் கட்டுரைக்குச் சன்மானம் வாங்கப்போகிற நானும் அதில் உண்டு. அறையில் நிறுத்தி விசாரிக்க பொய்ரோ வந்தால், 1911-இல் நான் பிறக்கவே இல்லை என்பதுதான் என் வாதம். இவ்வளவு தூரத்திலிருந்து கொல்ல முடியாது என்று அலகாபாத் ஐகோர்ட்டே ஒருமுறை நம்பியிருக்கிறது.